கரைக்காரர்களின் சந்தேகம்

1978 நவம்பர் 10 அன்று அதிபர் ஜிம்மி கார்ட்டர் கையெழுத்திட்ட தேசியப் பூங்காக்கள் சட்டத்தில் டெலவேர் ஆறு இரண்டு முறை வருகிறது. போர்ட் ஜெர்விஸ் ஊருக்குக் கீழே, பென்சில்வேனியாவுக்கும் நியூஜெர்சிக்கும் எல்லையாக ஓடும் துண்டு ஒன்று. அந்த ஊருக்கு மேலே, பென்சில்வேனியாவுக்கும் நியூயார்க் மாநிலத்துக்கும் நடுவே ஓடும் 73.4 மைல் இன்னொன்று. இரண்டையும் நாட்டின் பாதுகாக்கப்பட்ட ஆறுகளின் பட்டியலில் சட்டம் ஒரே மூச்சில் சேர்த்தது. கீழே பல ஆண்டுகளாக ஓர் அணையை எதிர்த்துவந்தவர்களுக்கு அது கிட்டத்தட்ட முழு வெற்றி. மேலே இருந்தவர்களில் பலர் அதைத் தங்கள் வீட்டுக் கதவில் ஒட்டப்பட்ட நோட்டீசாக வாசித்தார்கள். அடுத்த பத்தாண்டு அந்தப் பள்ளத்தாக்கின் பள்ளிக்கூட அரங்குகளிலும் தீயணைப்பு நிலையங்களிலும் நடந்த சண்டை அந்த வாசிப்பிலிருந்து பிறந்தது. அந்தச் சண்டையில் தோற்றவர்களாகக் கணக்கிடப்படும் மனிதர்களுக்கு டெலவேர் எவ்வளவு கடன்பட்டிருக்கிறது என்பதை எழுதவே இந்தக் கட்டுரை.

முதலில் பட்டியலைப் பற்றி. 1950களில் அமெரிக்காவில் ஆறு என்றால் அணை கட்டுவதற்கான இடம் என்றே பொருள். மொன்டானாவில் ஃபிளாட்ஹெட் ஆற்றின் ஒரு கிளையில் திட்டமிடப்பட்ட அணையை எதிர்த்தபோது, ஃபிராங்க் கிரெய்க்ஹெட், ஜான் கிரெய்க்ஹெட் என்ற இரட்டையர்கள் ஒன்றை உணர்ந்தார்கள். ஒவ்வோர் அணையாக எதிர்த்துக்கொண்டிருந்தால் ஓர் ஆறுகூட மிஞ்சாது. சில ஆறுகளையாவது முன்கூட்டியே ஒதுக்கிவைக்க ஒரு சட்டம் வேண்டும். கரடி ஆராய்ச்சியில் பேர்பெற்ற அந்தச் சகோதரர்களின் எண்ணம் 1968 அக்டோபர் 2 அன்று லிண்டன் ஜான்சனின் கையெழுத்தோடு வைல்ட் அண்ட் சீனிக் ரிவர்ஸ் சட்டம் ஆயிற்று. முதல் பட்டியலில் எட்டு ஆறுகள். மேலும் 27 ஆறுகளை ஆராயச் சொன்னது சட்டம். மேல் டெலவேர் அந்த 27இல் ஒன்று.

சட்டத்தின் உயிர் ஏழாவது பிரிவில் இருக்கிறது. பட்டியலில் சேர்ந்த ஆற்றுத் துண்டில் அணைக்கும் நீர்மின் நிலையத்துக்கும் மத்திய அரசு உரிமம் தரக்கூடாது. ஆற்றின் ஓட்டத்தையும் அதன் சிறப்புகளையும் கெடுக்கும் எந்த நீர்த்திட்டத்துக்கும் எந்தத் துறையும் உதவக்கூடாது. தனியார் நிலத்தில் யார் என்ன கட்டலாம் என்பதைச் சட்டம் நேரடியாகத் தீர்மானிப்பதில்லை. அது ஊராட்சி வகுக்கும் நிலப் பயன்பாட்டு விதிகளின் வேலை. இன்று இந்தப் பட்டியலில் 13,000 மைலுக்கு மேல் ஆறு இருக்கிறது. கேட்கப் பெரிதாகத் தோன்றும். அந்த நாட்டு ஆறுகளின் மொத்த நீளத்தில் அது அரை சதவீதம்கூட இல்லை.

ஆக, அரசு தன் கையைத் தானே கட்டிக்கொள்ளும் சட்டம் இது. இதை ஆற்றங்கரையில் வாழ்பவர்கள் ஏன் எதிர்க்க வேண்டும்? அவர்களுக்கு விவரம் தெரியவில்லை, யாரோ தூண்டிவிட்டார்கள் என்று சொல்லிவிடுவது எளிது. அப்போதைய ஆதரவாளர்கள் பலர் அப்படித்தான் நினைத்தார்கள். மேல் டெலவேர்க்காரர்களுக்கு விவரம் நன்றாகவே தெரியும். தங்களுக்கு வடக்கேயும் தெற்கேயும் என்ன நடந்தது என்பதை அவர்கள் கண்டும் கேட்டும் இருந்தார்கள்.

வடக்கே நியூயார்க் நகரம். டெலவேரின் தலைக்கிளைகளிலும் உபநதியான நெவர்சிங்கிலும் அந்த நகரம் மூன்று பெரிய நீர்த்தேக்கங்களைக் கட்டியது: பெபாக்டன், கேனன்ஸ்வில், நெவர்சிங்க். மூன்றும் தண்ணீருக்கடியில் போன ஊர்களின் பெயர்கள். மாநிலங்களுக்கு இடையிலான வழக்கில் உச்ச நீதிமன்றம் 1954இல் அளித்த தீர்ப்புதான் எவ்வளவு நீர் நகரத்துக்கு, எவ்வளவு ஆற்றுக்கு என்பதை இன்றும் தீர்மானிக்கிறது. நகரம் குடிக்கும் நீரில் ஏறத்தாழ பாதி இந்த ஆற்றின் வடிநிலத்திலிருந்து போகிறது. பண்ணை, கல்லறை, தேவாலயம், பால் சேகரிப்பு நிலையம் என்று ஒவ்வொன்றாகக் காலிசெய்யப்பட்டதை மேல் டெலவேரின் குடும்பங்கள் உறவினர் வாயிலாகக் கேட்டவை.

தெற்கே நடந்தது இதைவிடக் கொடியது, ஏனென்றால் அதற்குப் பயனே இல்லாமல் போயிற்று. 1955 ஆகஸ்ட்டில் கானி, டயான் என்ற இரண்டு சூறாவளிகள் ஒரு வாரத்துக்குள் அடுத்தடுத்து வந்து வடிநிலத்தில் சுமார் நூறு பேர் இறந்தார்கள். இறந்தவர்களில் பெரும்பாலோர் பிராட்ஹெட் என்ற சிறு உபநதியின் கரையில் இருந்தவர்கள். முக்கிய ஆற்றில் அணை இருந்திருந்தாலும் அவர்களைக் காப்பாற்றியிருக்காது. ஆனாலும் அந்த வெள்ளத்தைக் காட்டியே 1962இல் டாக்ஸ் தீவு அணைக்கு நாடாளுமன்றம் ஒப்புதல் தந்தது. போர்ட் ஜெர்விஸ் வரை 37 மைல் நீளத்துக்குத் தண்ணீர் நிற்கும். அந்த ஏரியைச் சுற்றி 1965இல் டெலவேர் வாட்டர் கேப் தேசியப் பொழுதுபோக்குப் பகுதி அறிவிக்கப்பட்டது. ராணுவப் பொறியாளர் படை நிலம் வாங்கத் தொடங்கியது. வாங்கியது என்று சொல்வது மரியாதைக்காக. விலை அவர்கள் சொல்வது. மறுத்தால் நீதிமன்றம், பிறகு வெளியேற்றம். ஆயிரக்கணக்கானோர் போனார்கள். காலியான வீடுகளைப் படையே வாடகைக்கு விட, அங்கே இளைஞர்கள் குடியேறிப் பயிர்செய்தார்கள். அவர்களை 1974 பிப்ரவரியில் மத்தியக் காவலர்கள் விரட்டி வீடுகளைப் புல்டோசரால் இடித்தார்கள்.

அடுத்த ஆண்டே, 1975 ஜூலையில், நான்கு மாநில ஆளுநர்கள் அடங்கிய டெலவேர் வடிநில ஆணையம் அணையைப் பரிந்துரைக்க மறுத்தது. நியூயார்க், நியூஜெர்சி, டெலவேர் வேண்டாம் என்றன. பென்சில்வேனியா மட்டும் வேண்டும் என்றது. நிலத்தை இழந்த குடும்பங்களைத் திரட்டி ஆரம்பம் முதல் அணையை எதிர்த்துவந்த நான்சி ஷுகைட்டிஸ் போன்றவர்களுக்கு அது காலம் கடந்த நீதி. அணை வரவில்லை. வீடுகளும் திரும்ப வரவில்லை.

நியூஜெர்சியில் குடியேறிய தமிழ்க் குடும்பங்கள் வார இறுதியில் அருவி பார்க்க இந்தப் பள்ளத்தாக்குக்கு வருவதுண்டு. பட்டர்மில்க் அருவிக்குப் போகும் வழியில் வால்பேக் சென்டர் என்றொரு ஊர் இருக்கிறது. தேவாலயம், பள்ளிக்கூடம், அஞ்சலகம், சில மர வீடுகள். எல்லாம் இருக்கின்றன, குடும்பங்கள் இல்லை. ஏதோ பழங்கால ஊர் என்று நினைத்துப் படமெடுத்துக்கொண்டு போகிறவர்களைப் பார்க்கும்போது எனக்கு வருத்தமாக இருக்கும். அதைக் காலிசெய்தது பழங்காலம் இல்லை. நம் பெற்றோர் பள்ளிக்குப் போன காலம்.

இப்போது மேல் டெலவேர்க்காரரின் இடத்தில் நின்று பார்க்க வேண்டும். வடக்கே ஒரு நகரத்தின் குடிநீருக்காக ஊர்கள் மூழ்கின. தெற்கே வெள்ளத்தடுப்பு என்ற பெயரில் ஒரு பள்ளத்தாக்கே காலியாகி, கடைசியில் அந்த நிலம் தேசியப் பூங்காத் துறையின் கைக்குப் போய்ச்சேர்ந்தது. நடுவில் மிஞ்சிய 73 மைலுக்கு அதே பூங்காத் துறை ஒரு வரைபடத்தோடு வந்து, உங்கள் ஆறு நாட்டுக்கே அரிய சொத்து என்கிறது. பாராட்டைக் கேட்டு அவர்கள் ஏன் மகிழ வேண்டும்? எனக்கு அவர்களின் சந்தேகம் முழுக்க நியாயமாகப் படுகிறது. அரசு எதையாவது அரிய சொத்து என்று அறிவித்த பிறகு அது யாருடைய சொத்தாக ஆகிறது என்பதை அவர்கள் பக்கத்து ஊரில் படித்திருந்தார்கள்.

1978 சட்டம் இந்தப் பயத்தை ஓரளவு கணக்கில் எடுத்தது. நிலம் வாங்குவதற்கு வரம்பு வைத்தது. மாநிலங்களும் ஊராட்சிகளும் சேர்ந்து ஒரு மேலாண்மைத் திட்டம் எழுத வேண்டும் என்றது. ஆனால் எண்பதுகளின் தொடக்கத்தில் வந்த வரைவு ஊராரைக் கலந்து எழுதியதாக ஊரார் நினைக்கவில்லை. கூட்டங்கள் கொதித்தன. நிலவுடைமையாளர் சங்கங்கள் முளைத்தன. தேசியப் பூங்காக்களுக்குள் நிலம் வைத்திருப்போரை நாடு முழுக்கத் திரட்டிவந்த சக் குஷ்மேன் மேற்கிலிருந்து வந்து எரிகிற அடுப்பில் விறகு வைத்தார். சொல்லப்பட்டவற்றில் பொய்யும் கலந்திருந்தது: எல்லா வீடுகளையும் எடுத்துக்கொள்வார்கள், வேட்டைக்கே தடை வரும் என்றெல்லாம். ஆதரவாகப் பேசிய உள்ளூர்க்காரர்கள் அக்கம்பக்கத்தாரின் பகையைச் சுமந்தார்கள். சிறிய ஊரில் அது சாதாரணச் சுமை இல்லை. ஒரே தேவாலயத்தில் பிரார்த்திப்பவர்கள், ஒரே தீயணைப்பு வண்டியில் தொண்டர்களாக ஏறுபவர்கள், ஆற்றின் பெயரால் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள்.

பிறகு நடந்ததுதான் என் மனதில் தங்குகிறது. ஊராட்சிகள் வெறுமனே கத்திவிட்டுப் போகவில்லை. இரு கரை ஊர்களும் ஒரு கூட்டமைப்பாகச் சேர்ந்து, தங்கள் பங்குக்கு ஆலோசகர்களை அமர்த்தி, திட்டத்தைத் தாங்களே திருத்தி எழுதின. 1986இல் முடிந்த அந்தத் திட்டப்படி நிலம் பெரும்பாலும் தனியார் கையிலேயே இருக்கும். நிலப் பயன்பாட்டு விதி ஊராட்சியின் கையில். பூங்காத் துறை ஆற்றின் நீர்ப்பரப்பையும் படகு இறங்குதுறைகளையும் கவனிக்கும். 1988இல் ஊர்களும் மாநிலங்களும் பூங்காத் துறையும் ஒரே மேசையில் உட்காரும் மேல் டெலவேர் மன்றம் உருவாயிற்று. இன்று 55,000 ஏக்கருக்கு மேற்பட்ட எல்லைக்குள் பூங்காத் துறைக்குச் சொந்தமானது சுமார் 30 ஏக்கர். லாக்கவாக்ஸனில் ஜான் ரோப்ளிங் 1848இல் முடித்த கம்பித் தொங்குபாலம் அதில் அடக்கம். புரூக்ளின் பாலத்தை வடிவமைத்த அதே ரோப்ளிங், கால்வாய்ப் படகுகள் ஆற்றுக்கு மேலாகவே கடந்து போவதற்காகக் கட்டியது. அதற்கு முன் கால்வாய்ப் படகுகளும் மரக்கட்டைத் தெப்பங்களும் ஒரே இடத்தில் ஆற்றைக் குறுக்கிட்டு மோதி, தெப்பக்காரர்களும் கால்வாய்க் கம்பெனியும் ஓயாமல் தகராறு செய்துகொண்டிருந்தார்கள். யாருக்கும் வழி மறிக்காமல் தண்ணீரைத் தண்ணீருக்கு மேல் தூக்கி நிறுத்தினார் ரோப்ளிங். அந்தப் பாலம் 1980இல் பூங்காத் துறையிடம் வந்திருக்காவிட்டால் இந்நேரம் இடிந்திருக்கும். அந்த அளவுக்கு அரசின் வரவால் நன்மை உண்டு என்பதை எதிர்த்தவர்களின் பிள்ளைகளும் மறுக்கமாட்டார்கள்.

அந்த 30 ஏக்கர் என்ற எண்ணை எதிர்ப்பாளர்களின் கையெழுத்தாகவே நான் பார்க்கிறேன். அவர்கள் இல்லாமல் இருந்திருந்தால், வரைவு வந்தபடியே நிறைவேறியிருந்தால், அந்த எண் என்னவாகியிருக்கும் என்று யாராலும் உறுதியாகச் சொல்ல முடியாது. வால்பேக்கைப் பார்த்தவர்களால் ஊகிக்க முடியும். அதே சமயம், அவர்கள் முழுக்க வென்று மேல் டெலவேர் பட்டியலிலிருந்து நீங்கியிருந்தால், அந்த 73 மைலுக்கு ஏழாவது பிரிவின் காப்பு இருந்திருக்காது. டாக்ஸ் தீவில் அணை வேண்டாம் என்று 1975இல் சொன்ன ஆணையம் இன்னொரு நாள் வேறெங்காவது வேண்டும் என்று சொல்லியிருக்கலாம். டாக்ஸ் தீவுத் திட்டத்தை நாடாளுமன்றம் முற்றிலும் கைவிட்டது 1992இல்தான். அதுவரை அது ஏதோ ஓர் அலமாரியில் உயிரோடு இருந்தது. அணையைத் தடுத்துநிறுத்தி வைத்திருந்தது 1978இன் தாள். எந்த அரசுக்கு அவர்கள் பயந்தார்களோ அந்த அரசைக் கட்டிப்போடும் கயிறு அவர்களுக்கு நீட்டப்பட்ட அதே தாளில் இருந்தது. இதை ஆதரவாளர்கள் எளிய மொழியில் எடுத்துச் சொல்லவில்லை. எழில், அரிய தாவரம், கழுகு என்று பேசினார்கள். உன் நிலத்தை மூழ்கடிக்க இனி அவர்களால் முடியாது என்று ஒரு வரி சொல்லியிருக்க வேண்டும்.

அணையில்லாத ஆறு என்றால் என்ன என்பதை நாம் மறந்துவிட்டோம். டெலவேரின் முக்கிய ஓட்டத்தில், ஹான்காக்கில் இரு கிளைகள் கூடும் இடத்திலிருந்து கடல் வரை சுமார் 330 மைலில், குறுக்கே அணை எதுவும் இல்லை. அதனால் ஒவ்வொரு வசந்தத்திலும் ஷாட் மீன் கடலிலிருந்து ஏறி ஹான்காக் வரை வந்து முட்டையிடுகிறது. நம் உல்லம் மீன் அதற்கு உறவு. காவிரியில் ஏறிவந்த உல்லம் 1934இல் மேட்டூர் அணை முடிந்தபின் அருகிப்போயிற்று. விலாங்கு இதற்கு எதிர்த்திசை. ஆற்றில் பல ஆண்டுகள் வளர்ந்து, இலையுதிர் காலத்து இரவுகளில் வெள்ளம் பெருகும்போது இறங்கிப்போய், அட்லாண்டிக்கின் சர்காசோ கடலில் முட்டையிட்டு இறக்கிறது. மேல் டெலவேரில் இன்னும் சிலர் ஆற்றுக் கல்லை ஆங்கில வி எழுத்தைப் போல அடுக்கி, கூர்முனையில் மரத்தட்டி வைத்து விலாங்கு பிடிக்கிறார்கள். கல்லடுக்கை ஒவ்வோர் ஆண்டும் வெள்ளம் கலைக்கும், மறுபடி அடுக்குவார்கள். லெனாபே மக்களிடமிருந்து வந்த முறை அது.

லெனாபே மக்களைச் சொல்லாமல் இந்த விவாதத்தைச் சொல்லி முடிப்பது நேர்மையாகாது. 1737இல் வில்லியம் பென்னின் மகன்கள், ஒன்றரை நாளில் ஒரு மனிதன் நடந்துபோகும் தூரம் வரையுள்ள நிலம் எங்களுடையது என்று ஒரு பழைய பத்திரத்தைக் காட்டி, ஓடக்கூடியவர்களைக் கூலிக்குப் பிடித்து, வெட்டித் தயாராக வைத்த பாதையில் விட்டார்கள். ஓடி முடிந்த இடத்திலிருந்து ஆற்றுக்கு இழுத்த கோட்டையும் நேராக இழுக்காமல் சாய்த்து, லாக்கவாக்ஸன் பக்கமாகக் கொண்டுபோனார்கள். பத்து லட்சம் ஏக்கருக்கு மேல் போயிற்று. லெனாபேயின் வழித்தோன்றல்கள் இன்று ஓக்லஹோமாவிலும் விஸ்கான்சினிலும் கனடாவின் ஒன்டாரியோவிலும் இருக்கிறார்கள். எண்பதுகளின் கூட்டங்களில், என் தாத்தாவின் நிலம் என்று குரல் உடைந்து பேசியவர்களின் வலி உண்மையானது. அந்த நிலம் எப்படித் தாத்தாவின் நிலமாயிற்று என்பதும் உண்மை. ஓர் உண்மை இன்னொன்றை அழிப்பதில்லை. ஆனால் ஓர் ஆற்றுக்கு அங்கீகாரம் கேட்டு நடக்கும் கூட்டத்தில், அதை முதலில் அறிந்திருந்த மக்களுக்கு நாற்காலி போட யாருக்கும் தோன்றவில்லை என்பது என்னை உறுத்துகிறது.

டெலவேரின் சண்டையிலிருந்து பாடம் படித்தது நியூ இங்கிலாந்து. கனெக்டிகட்டின் ஃபார்மிங்டன் ஆற்றுக்கு 1986இல் ஆய்வு தொடங்கியபோது, மத்திய அரசு நிலம் எதையும் எடுக்காது, ஊர்கள் ஓட்டுப்போட்டு ஒப்புக்கொண்டால் மட்டுமே பரிந்துரை போகும் என்ற முறை உருவாயிற்று. ஆற்றின் மேற்பகுதியில் மாசசூசெட்ஸ் ஊர்கள் பின்வாங்கின. கனெக்டிகட் ஊர்கள் வேண்டும் என்றன. 1994இல் கனெக்டிகட்டின் 14 மைல் மட்டும் பட்டியலில் சேர்ந்தது. ஓர் ஆறு மாநில எல்லையில் சட்டப்படி வேறு ஆறாக மாறுவது இயற்கைக்குப் பொருந்தாத காட்சிதான். இருந்தாலும் வேண்டாம் என்ற சொல்லுக்கு மதிப்பிருந்ததால்தான், வேண்டும் என்ற சொல்லுக்கும் அங்கே எடை வந்தது. வெர்மான்ட்டின் மிசிஸ்கோய் ஆற்றுக்காக 2013 மார்ச்சில் ஊர்க்கூட்டங்கள் கூடின. மார்ச் முதல் செவ்வாய் என்பது அந்த மாநிலத்தில் பள்ளி வரவுசெலவையும் சாலைச் செலவையும் ஊரார் தாங்களே கூடி முடிவுசெய்யும் நாள். பாலுக்காக மாடு வளர்ப்பவர்கள், உரத்தின் பாஸ்பரஸ் வழிந்தோடி, ஆறு சேரும் ஏரியில் பாசி படர்வதற்குத் தாங்களே குற்றவாளிகளாகக் காட்டப்படுவதில் ஏற்கெனவே மனம் நொந்திருப்பவர்கள், அந்தக் கூட்டங்களில் இருந்தார்கள். 2014 டிசம்பரில் மிசிஸ்கோயும் அதன் உபநதி டிரவுட்டும் சேர்ந்து 46.1 மைல் பட்டியலில் ஏறின. ஏற்கெனவே இருந்த நீர்மின் நிலையங்கள் எல்லைக்கு வெளியே விடப்பட்டன.

பட்டியல் எல்லாவற்றையும் காக்காது. மேல் டெலவேரின் அடியில் மார்செல்லஸ் பாறை இருக்கிறது; அதில் எரிவாயு. 2008க்குப் பிறகு குத்தகைக்காரர்கள் பென்சில்வேனியாவின் வெய்ன் கவுன்டியில் வீடு வீடாக வந்தார்கள். பால் விலை விழுந்து பண்ணையை விற்பதா வேண்டாமா என்று தவித்தவர்களுக்கு அந்தக் குத்தகைப் பணம் பெரிய தொகை. வடிநில ஆணையம் 2010இல் எரிவாயுக் கிணறு தோண்டுவதைத் தற்காலிகமாக நிறுத்தி, 2021 பிப்ரவரியில் பாறையை நீரழுத்தத்தால் உடைக்கும் முறைக்கு நிரந்தரத் தடை விதித்தது. தடை சரி என்று நான் நம்புகிறேன். ஒரு கோடிக்கு மேற்பட்டோர் இந்த நீரை நம்பியிருக்கிறார்கள். ஆனால் அவர்களில் ஒருவரும் வெய்ன் கவுன்டிப் பண்ணைக்காரருக்கு ஈடு எதுவும் கொடுக்கவில்லை. வடிநிலத்துக்கு வெளியே, பக்கத்துக் கவுன்டியில் அதே பாறை, அங்கே காசோலை வருகிறது. ஆற்றைக் காப்பதன் செலவை ஆற்றங்கரையின் ஏழைகள் மட்டும் கட்டும் இந்த ஏற்பாடு தொடரும்வரை, ஒவ்வொரு பாதுகாப்பு அறிவிப்பும் அவர்களுக்குக் கட்டளையாகவே கேட்கும்.

அண்மையில் தெற்கே மீண்டும் ஒரு விவாதம் எழுந்தது. பொழுதுபோக்குப் பகுதி என்ற தகுதியை உயர்த்தி முழுத் தேசியப் பூங்காவாகவும், வேட்டைக்கு இடம்தரும் காப்புப் பகுதியாகவும் ஆக்க வேண்டும் என்று சியரா கிளப்பின் உள்ளூர்க் கிளைகள் முன்வந்தன. லெனாபே பெயரும் அதில் சேர்க்கப்பட்டது. வேட்டைக்காரர்களும் விவசாயிகளும் எதிர்த்தார்கள். ஊராட்சிகள் எதிர்த்துத் தீர்மானம் போட்டன. சாலையோரங்களில் வேண்டாம் என்ற பலகைகள் நின்றன. புதிதாக நிலம் எடுக்கமாட்டோம் என்ற வாக்குறுதியை யாரும் நம்பவில்லை. பூங்கா கேட்பவர்களுக்கு நான் சொல்வது ஒன்றுதான். வெளியேற்றப்பட்ட குடும்பங்களில் எஞ்சியிருப்பவர்களை முதலில் போய்ப் பாருங்கள். அவர்கள் எங்கே பள்ளிக்குப் போனார்கள், எந்த வயலில் என்ன விளைந்தது, என்ன விலை கொடுக்கப்பட்டது என்பதை எழுதி வாங்குங்கள். ஓக்லஹோமாவிலிருந்தும் விஸ்கான்சினிலிருந்தும் லெனாபே பிரதிநிதிகளை, பெயர் வைக்கும் விழாவுக்கு அழைக்காமல், திட்டம் எழுதும் மேசைக்கு அழையுங்கள். நிலம் எடுக்கமாட்டோம் என்பதை வாக்குறுதியாகச் சொல்லாமல் சட்டத்தின் முதல் பிரிவாக எழுதி, அந்தப் பிரிவை ஊராட்சிகளின் ஒப்புதல் இல்லாமல் மாற்ற முடியாதபடி செய்யுங்கள். மேல் டெலவேரில் இந்த மேசை அமைய, சட்டம் வந்தபின் பத்தாண்டுச் சண்டை தேவைப்பட்டது. இங்கே சட்டத்துக்கு முன்பே அமைக்கலாம்.